தட்டப்பாறைக்குப் பிடிமண் எடுக்கப் போனோம்

எனக்கு எழுத்து ஒழுங்காக வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி மலைக்குக் கொழுந்து பறிக்க அனுப்பிவிட்டார்கள். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மறதியும் வந்துவிட்டது. பஸ்ஸில் குலுங்கிக்கொண்டே ஒரு கொப்பியில் குறித்தது பாதி, மனதில் நிற்பது பாதி. எந்த ஊர் முன்னே வந்தது, எது பின்னே வந்தது என்பதில் தவறு இருக்கலாம். நடந்ததில் தவறு இல்லை.

நான் றக்வானைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து அதே தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டவள். தோட்டத்தில் எங்கள் வரிசை வீடுகளை லயம் என்போம். மேல் லயத்து மாடசாமி கோயிலுக்கு என் வீட்டுக்காரர்தான் பூசாரி. அவர் போய் நாலு வருசம் ஆகிறது. எங்களுக்கு ஒரே மகள், ருவான்வெல்லையில் ரப்பர் தோட்டத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறது. அவருக்குப் பிறகு பூசைக்கு ஆண்பிள்ளை யாரும் வரவில்லை. கேட்டால் கொழும்பில் வேலை என்றார்கள், இடுப்பு வலி என்றார்கள். சாமி இருட்டில் கிடக்க வேண்டாமென்று வெள்ளிக்கிழமைகளில் நான் போய் விளக்கு வைத்தேன். நான் செய்தது அவ்வளவுதான்.

ஒரு மழைக்காலத்தில் மலை சரிந்தது. பகல் பன்னிரண்டு மணி இருக்கும். மேல் லயமும் கோயிலும் அப்படியே கீழே போய்விட்டன. மாட்டை அவிழ்க்கப் போன, எங்கள் லயத்துக் காமாட்சியின் மகன் திரும்பி வரவில்லை. எங்களைப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். சோற்றுக்கு வரிசையில் நிற்கும்போது எல்லாருக்கும் கேட்கிற மாதிரி காமாட்சி சொன்னாள்.

"தாலியறுத்தவ வெளக்கு வெச்சா சாமி எப்படிங்க நிக்கும்? கோவிச்சுக்கிட்டு மலையோட எறங்கிருச்சு."

பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் என்ன பதில் பேசுவது? தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றிலிருந்து வரிசையில் எனக்கு முன்னும் பின்னும் கொஞ்சம் இடம் விட்டு நின்றார்கள்.

பிறகு கீழே கொடகவெலப் பக்கம் வீடு கட்டக் காணி கிடைத்தது. கோயில் இல்லாமல் குடி போக மாட்டோம் என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். புதுக் கோயில் எழுப்ப வேண்டுமானால் தாய்க்கோயிலிலிருந்து ஒரு பிடி மண் கொண்டுவந்து வைக்க வேண்டும். அதுதான் பிடிமண். அது இல்லாமல் கல்லை நட்டால் கல்தான், சாமி இல்லை. முன்னோர் கொண்டுவந்து வைத்த பழைய பிடிமண் சரிவுக்குள்ளே போய்விட்டது. இந்தியாவில் எங்கள் ஊருக்குப் போய் மறுபடி எடுத்துவர வேண்டும், குற்றம் செய்த வீட்டார்தான் போக வேண்டும் என்று பேசி முடித்தார்கள். கோயில் கமிட்டித் தலைவர் என்னிடம் மரியாதையாகத்தான் சொன்னார்: "மண்ணோட வாங்கம்மா. இல்லாட்டி மக வீட்டுலயே இருந்துக்கங்க."

மகள் வீட்டில் ஒரே அறை. மருமகன் நல்லவர்தான், இரண்டு நாளைக்கு.

எங்கள் ஊர் தட்டப்பாறை. அது குடும்பத்தில் எல்லாருக்கும் மனப்பாடம். என் மாமனாருடைய தகப்பன் ஐந்து வயதில் தாயோடு அங்கிருந்து வந்தவர். அவர் சொன்னதை மாமனார் எங்களுக்குச் சொல்வார். ஊருக்குப் பக்கத்திலேயே ரயில் நிற்குமாம். சத்திரம் போல நீள நீளமான வீடுகளாம். இரண்டு வேளையும் எல்லாருக்கும் சோறு போடுவார்களாம், காசு வாங்க மாட்டார்களாம். வைத்தியர் வீடு தேடி வந்து நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பாராம். பிள்ளைகளுக்குக்கூடக் கம்பளி கொடுத்தார்களாம். அப்படிப்பட்ட ஊரை விட்டு எதற்கு வந்தீர்கள் என்று நான் ஒருநாளும் மாமனாரிடம் கேட்டதில்லை. கேட்கக் கூச்சம்.

என்னோடு வந்தவன் செல்வம், என் கொழுந்தனார் மகன். இரத்தினபுரியில் கடையில் நிற்கிறான். வாய் ஓயாதவன். எனக்கும் சேர்த்து அவனே பேசிவிடுவான் என்றுதான் அவனைக் கூப்பிட்டேன்.

முதல் நாள் திருச்சியில் இறங்கினோம். வெயில் மேலேயிருந்து வருகிறதா கீழேயிருந்து வருகிறதா என்று தெரியவில்லை. பாலத்தில் பஸ் போகும்போது செல்வம், "பெரியம்மா, காவேரி" என்று காட்டினான். எட்டிப் பார்த்தேன். கண்ணுக்கெட்டிய தூரம் மணல். நடுவே ஒரு ஓரமாகத் தண்ணீர். எங்கள் களுகங்கை ஒரு வாரம் இப்படிக் கிடந்தால் மாணிக்கக்கல் தேடுகிறவர்கள் ஒரு கூடை விடாமல் அள்ளிக் கழுவி முடித்திருப்பார்கள்.

ஆற்றை ஒட்டி வாழையும் நெல்லும் பச்சையாக வந்துகொண்டிருந்தன. மேற்கே போகப் போகப் பச்சை குறைந்தது. கரூர் தாண்டியதும் காய்ந்த நிலம், பனைமரம், வேலி போட்ட மேய்ச்சல். பக்கத்தில் ஒரு அம்மாள் மடியில் கோழியோடு உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க, எங்கீங்க போறீங்க?" என்று அவர்தான் பேச்சை ஆரம்பித்தார்.

"கோத்தகிரிக்குங்க."

"பேச்சு ஒரு மாதிரியா இருக்குதுங்களே. கேரளாவுங்களா?"

செல்வம் முந்திக்கொண்டு சிலோன் என்றான். அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பாவம், சண்டையில வந்தவங்களா" என்றார். இல்லை, நாங்கள் அந்தச் சண்டைப் பக்கம் இல்லை, தேயிலைப் பக்கம் என்று சொல்லலாமென்று பார்த்தேன். சொல்வதற்குள் அவர் இறங்கிவிட்டார். இந்தியா முழுக்க எங்களை இப்படித்தான் விசாரித்தார்கள். யாழ்ப்பாணமா, கேம்ப்பா என்று கேட்பார்கள். றக்வானை என்றால் அது எந்த நாட்டில் என்று கேட்டார் ஒரு கண்டக்டர்.

சாப்பாட்டைக் குறை சொல்ல முடியாது. சாம்பாரை வாளியில் கொண்டுவந்து ஊற்றுகிறார்கள். ஆனால் எதிலும் தேங்காய் போதாது. செல்வம் ஒரு கடையில் தேங்காய்ச் சம்பல் இருக்கிறதா என்று கேட்டான், சட்னி கொடுத்தார்கள். பிளேன்டீ கேட்டான், பாலில்லாமல் ஏன் குடிக்கிறீர்கள், உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். எங்கள் தோட்டத்தில் உடம்பு சரியில்லாதவர்களுக்குத்தான் பால் ஊற்றுவோம்.

இரண்டாம் நாள் மத்தியானம் மேட்டுப்பாளையத்தில் மலை ஏறினோம். வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்தது. மேலே தேயிலை தெரிந்தது. ஆயிரம் மைல் வந்ததுபோல் வந்து மறுபடியும் தேயிலைக்கே வந்து நிற்கிறேன்.

கோத்தகிரியில் என் நாத்தனார் பொன்னம்மா இருக்கிறார். ஊருக்கு வழி கேட்கத்தான் முதலில் அவரிடம் வந்தோம். தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பியபோது புதுப்பெண்ணாகக் கப்பல் ஏறியவர். அங்கே விட்ட கொழுந்தை இங்கே வந்து பறித்தார். வீடும் அதே மாதிரி லயம்தான், கதவுக்கு மட்டும் வேறு நிறம். இப்போது கொழுந்தைக் கையால் கிள்ளுவதில்லை. கத்தரியில் பையைக் கட்டி வெட்டுகிறார்கள். தண்டும் முற்றலும் சேர்ந்து போகிறது. நான் பார்த்துக்கொண்டே நின்றதைக் கண்டு அக்கா சொன்னார்:

"என்னடி பாக்குற? நம்ம வெரலுக்கு இப்ப வேலையில்ல. ஒரு பொம்பள நாலு பேரு வேலையை வெட்டுறா."

மழை தூறியது. வீட்டுக்குப் பின்னால் மண் வெட்டிய சரிவில் சிவப்பு மண் நனைந்து மணந்தது. எங்கள் மண்ணின் அதே மணம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

காலையில் அக்காவிடம் கேட்டேன். "தட்டப்பாறையில கோயில் எந்தப் பக்கம்னு தெரியுமாக்கா? நீங்க போயிருப்பீங்கல்ல?"

அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "போகல" என்றார்.

"இந்த நாட்டுக்கு வந்து அம்பது வருசமாச்சேக்கா!"

"ஆச்சு. வந்த புதுசுல காசில்ல. அப்புறம் காசிருந்தப்ப மனசில்ல."

"ஏன் அத்தை?" என்று செல்வம் கேட்டான்.

"டேய், அங்க நம்மள இந்தியாக்காரின்னாங்க. இங்க வந்தா சிலோன்காரின்னு பேரு. கடையில, ஆசுபத்திரியில, இப்பவும் அதான். தட்டப்பாறைன்னு ஒரு ஊரு பாக்கியிருக்கேன்னு நெனச்சுக்கிட்டே இருந்துட்டேன். போயிப் பாத்து அங்கயும் ஏதாச்சும் பேரு வெச்சாங்கன்னா? பாக்காம இருந்தா இருக்கும்ல."

செல்வம் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

நாலாம் நாள் தெற்கே. இந்த மாநிலத்தில் ஒரு பஸ்ஸை விட்டு இன்னொரு பஸ் ஏறினால் நாடே மாறிவிடுகிறது. மலை, பிறகு தென்னந்தோப்பு, பிறகு கல்லும் முள்ளும், மதுரை தாண்டியதும் கறுப்பு. மண் உண்மையிலேயே கறுப்பு. கரிசல் என்கிறார்கள். ஈரம் போன இடத்தில் பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புக்குள் என் விரல் முழுதும் போகிறது. எங்கள் சப்ரகமுவா மாகாணத்திலும் இப்படி மாறும்தான். றக்வானையில் அட்டை கடிக்கும், கொடகவெல தாண்டி எம்பிலிப்பிட்டியப் பக்கம் போனால் வாய் உலரும், ருவான்வெல்லையில் ரப்பர் மர நிழலில் வெயிலே தெரியாது. ஆனால் எங்கே தோண்டினாலும் தண்ணீர் வந்து நிற்கும். இங்கே மழைக்காகக் காத்திருக்கிறார்கள். நாங்கள் மழைக்குப் பயந்து ஓடுகிறோம்.

கோவில்பட்டியில் இரவு தங்கிக் காலையில் கடலைமிட்டாய் வாங்கினோம். அங்கிருந்து ஏறிய பஸ்ஸில் கண்டக்டரிடம் தட்டப்பாறை என்று சொன்னபோது முதல்முறையாக அந்தப் பெயரை ஒருவர் தெரிந்ததுபோல் தலையாட்டினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"விலக்குல எறக்கி விடுதேன் பாட்டி. உள்ள நடக்கணும்" என்றார். விலக்கு என்றால் பெரிய ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரியும் இடம். அவர் இறக்கிவிட்ட விலக்கு வேறு ஊருடையது. அது ஒரு மணி நேரம் நடந்த பிறகுதான் தெரிந்தது. உச்சி வெயில். ஒரு மரமும் நிழல் தருகிற மரமில்லை, எல்லாம் முள். செல்வத்தின் செருப்பு அறுந்துவிட்டது. அவன் கண்டக்டரின் வம்சத்தையே திட்டிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தான். "சாமிக்கு நம்மமேல இன்னும் கோவம் போகல பெரியம்மா" என்றான். வேடிக்கையாகத்தான் சொன்னான். நான் அவனைத் தாண்டி முன்னால் நடந்தேன்.

வழி கேட்டுக் கேட்டு நடந்ததில் கடைசியாக ரயில் நிலையம் வந்தது. மாமனார் சொன்ன அதே ரயில். பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டி வாசித்தேன். தட்டப்பாறை. குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு வந்தார். செல்வம் விசயத்தைச் சொன்னான். நீள நீளமான வீடுகள், இலவசச் சோறு, வைத்தியர் எல்லாவற்றையும் சொன்னான். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தாயி, நீ சொல்லுதது ஊரு இல்ல. அது கேம்ப்பு."

"எந்தக் கேம்ப்புங்க?" என்று கேட்டேன்.

"கண்டிச்சீமைக்கு, அதான் சிலோனுக்கு, ஆளு கொண்டுபோனாவல்ல, அவுகள அடைச்சு வெச்சிருந்த கேம்ப்பு. எங்க தாத்தா காலத்துக் கதை. காலரா இருக்கா, வைசூரி இருக்கான்னு பாக்கதுக்கு நாள்கணக்குல அடைச்சு வெப்பாவளாம். சோறு போடாம வெக்க முடியுமா? நோயில்லாதவன தூத்துக்குடியில கப்பலேத்துவாவ."

"அப்ப எங்க ஆளுங்க எந்த ஊருங்க?"

"அவுக எங்கெங்க இருந்தோ வந்தவுக. சேலம், புதுக்கோட்டைன்னு நாலா பக்கமும். இங்கன ஒரு பயலுக்கும் வீடு கெடையாது."

செல்வம் அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பெயர்ப்பலகையைத் திரும்பிப் பார்த்தான்.

ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதற்கு முன்னே இருந்த ஊர் ஞாபகத்தில் நிற்கவில்லை. வயிறு நிறைந்த இடம் நின்றுவிட்டது. அதையே ஊர் என்று மகனுக்குச் சொல்லி, அவர் எங்களுக்குச் சொல்லி, நாங்கள் எங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டோம்.

பக்கத்துச் சிற்றூரில் ஒரு மாடசாமி கோயில் இருந்தது. பெரியவரே கூட்டிப் போனார். பூசாரி ஒரு நோட்டைக் கொண்டுவந்து புரட்டினார். அந்தச் சாமிக்கு உரிய குடும்பங்கள் வருசா வருசம் தலைக்கட்டு வரி கொடுப்பார்களாம், வெளியூர் போனவர்களும் அனுப்புவார்களாம். எங்கள் வகையறா பெயர் அதில் இல்லை. அவர் கோபமாகச் சொல்லவில்லை. "பிடிமண் வரிக்காரங்களுக்குத்தான்மா எடுத்துக் கொடுக்க முடியும். கும்பிட்டுட்டுப் போங்க, அதுக்கு யாரும் தடை சொல்ல மாட்டாவ" என்று திருநீறு கொடுத்தார்.

கேம்ப் இருந்ததாகச் சொல்கிற இடத்தை ஆட்டுக்காரப் பெரியவர் காட்டினார். உடைமரம் என்கிற முள்மரமும் சில செங்கல் துண்டுகளும் இருந்தன. இங்கேதான் என்று சொல்வார்கள், தான் பார்த்ததில்லை என்றும் சொன்னார். நான் உட்கார்ந்து ஒரு பிடி மண் எடுத்து மஞ்சள் துணியில் முடிந்தேன். சாமி இல்லாவிட்டால் என்ன, அவர்கள் கடைசியாக மிதித்த மண் இதுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மறுநாள் தூத்துக்குடி ரோட்டில் உப்பைக் குவியல் குவியலாகக் கண்டேன், கடலையும் கண்டேன். அதைப்பற்றி எழுத மனமில்லை.

ஊர் திரும்பியபோது எங்கள் விமான நிலையத்தில் என் பையைத் திறந்தார்கள். அந்த அதிகாரிக்கு என் மகள் வயது இருக்கும். முடிச்சைக் காட்டி, இது என்னம்மா என்று சிங்களத்தில் கேட்டார். கோயிலுக்குச் சாமி மண் என்று நானும் சிங்களத்தில் சொன்னேன். அவர் கையை எடுத்துக் கும்பிட்டார். கும்பிட்டுவிட்டுச் சொன்னார்: "வெளிநாட்டு மண் கொண்டுவரக் கூடாது அம்மா. அதில் நோய் இருக்கும்."

அந்தக் கேம்ப்பில் நாக்கை நீட்டச் சொன்னதும் இதற்குத்தான். நான் வாதாடவில்லை. அவருடைய வேலையை அவர் செய்தார். முடிச்சோடு வாங்கி ஒரு பெட்டியில் போட்டார்கள்.

வேனில் ஏறியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. "நான் ருவான்வெல்லையில எறங்கிக்கிறேன்டா. அங்க எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வருவேன்" என்றேன்.

"சும்மா இருங்க பெரியம்மா" என்றான் செல்வம். "வழியில எடுத்துக்கலாம்."

"எதைடா?"

"மண்ணைத்தான். நம்ம பக்கத்துல மண்ணுக்கா பஞ்சம்?"

எஹெலியகொடை தாண்டி ஒரு இடத்தில் மலையோரம் சரிந்து ரோட்டுக்கு வந்த மண்ணை ஒதுக்கிக் குவித்து, சிவப்பு வெள்ளை நாடா கட்டியிருந்தார்கள். செல்வம் வேனை நிறுத்தச் சொல்லி இறங்கினான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவன் கேட்டபோது என் கைக்குட்டையை நான்தான் கொடுத்தேன்.

கொடகவெலயில் மேளத்தோடு நின்றார்கள். தாலியறுத்தவள் கையிலிருந்து வாங்கக் கூடாது என்று செல்வத்தின் கையிலிருந்து தாம்பாளத்தில் வாங்கினார்கள். கமிட்டித் தலைவரின் மருமகன் மண்ணை வைத்துக் கல்லை நட்டார். நான் பின்னால் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நின்றேன். காமாட்சி அந்த மண்ணைத் தொட்டு நெற்றியில் பூசிக்கொண்டு மகன் பெயரைச் சொல்லி அழுதாள். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்து கையைப் பிடித்தாள்.

"வாய் தவறிச் சொல்லிட்டேங்க அக்கா. மனசுல வெச்சுக்காதீங்க. நம்ம ஊரு எப்படிக்கா இருந்துச்சு?"

"நல்லாருந்துச்சு" என்றேன்.

"ரெயில் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. ஆனால் இப்போது வரிசையில் எனக்கு இடம் விட்டு யாரும் நிற்பதில்லை. எனக்கும் வீடு கொடுத்தார்கள். தலைவரின் மருமகன் இரண்டு மாதம் பூசை செய்துவிட்டுக் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டார். போன வெள்ளிக்கிழமை காமாட்சியே எண்ணெய்ப் போத்தலோடு என் வாசலுக்கு வந்தாள். "சாமி இருட்டுல கெடக்குதுக்கா. நீங்களே வெச்சிருங்க. இப்ப யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றாள். கால் வலி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கீழே என்ன மண் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு நான் எப்படிப் போய் விளக்கு வைப்பேன்? நான் வைக்கவும் இல்லை, அவளிடம் உண்மையைச் சொல்லவும் இல்லை.

அதனால் இதை எழுதுகிறேன். படிக்கிறவர்களில் பழைய கப்பல் ஏடுகளையும் கேம்ப் பதிவுகளையும் பார்க்கத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் ஒரு உதவி செய்ய வேண்டும். பையன் பெயர் ஆண்டி, வயது ஐந்து. தாய் பெயர் வெள்ளையம்மா. தகப்பன் கூட வரவில்லை. போய்ச் சேர்ந்தது றக்வானைத் தோட்டம். வருசம் எனக்குத் தெரியாது. பெயர்களில் ஓரெழுத்து முன்பின் இருக்கலாம். அவர்களுக்கு நேரே, எந்த ஊர் என்று எழுதியிருக்கிறது என்பதைச் சரிபார்த்துச் சொல்ல வேண்டும். அங்கேயும் தட்டப்பாறை என்றுதான் எழுதியிருந்தால், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.